மஸ்கட்டிலிருந்து வந்த எனாமல் சட்டியைத் தேற்றிய வேலை

வேலைக்கு எடுத்துக்கொண்ட சாமான் இதுதான்: 26 செ.மீ. விட்டத்தில், மூடியோடு ஒரு காஸ்ட் அயர்ன் சட்டி. வெளியே ஆரஞ்சு, உள்ளே சந்தன நிறம், இரண்டு பக்கமும் எனாமல். ஐந்து லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். மூடியோடு தூக்கினால் ஐந்து கிலோவுக்குக் குறையாது. உள்ளே அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. வெளியே எண்ணெய் வழிந்து வெந்து, பழுப்பாக இறுகிப்போன கோடுகள். விளிம்பு முழுக்கத் துரு. மூடியின் பேக்லைட் குமிழ் விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கக் கைப்பிடியின் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. கூடவே 20 செ.மீ. அளவில் இன்னொரு சின்னச் சட்டி.

இரண்டும் மயினியுடையவை. அண்ணனோடு மஸ்கட்டில் இருந்தபோது அங்கே சமைத்த பாத்திரங்கள். ஊர் திரும்பும்போது கார்கோவில் போட்டு, குளச்சல் வீட்டுப் பரணில் ஏற்றியதோடு சரி. "எனக்க இடுப்புக்கு இது ஆவாது மக்களே. வேணும்னா நீ எடுத்துக்க, இல்லேன்னா ஆக்கர் கடையில எடைக்குப் போடு" என்று சொல்லிவிட்டார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வீடு. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இடையில் உப்புக் காற்று. பூச்சு இல்லாத இரும்புச் சட்டியாக இருந்திருந்தால் பரணிலேயே செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். இதில் துரு பிடித்தது எனாமல் இல்லாத விளிம்பிலும் பெயர்ந்த இடத்திலும் மட்டும்தான். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த வகைச் சட்டிக்குக் காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே.

தேய்க்க ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கையில் கனக்கிறதே என்று இதை இரும்பாக நினைத்து வேலை செய்யக் கூடாது. நம் கையும் கரண்டியும் குழம்பும் தொடுவது கண்ணாடியை. மணல், வெண்காரம் முதலியவற்றை உருக்கிக் கண்ணாடியாக்கி, பொடித்து, வார்ப்பிரும்பின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் வைத்து உருக்கி ஒட்டவைப்பதுதான் எனாமல். சூடாகும்போது இரும்பு விரிகிற அளவுக்கு இந்தக் கண்ணாடி விரியாது. சூளையிலிருந்து ஆறும்போது இரும்பு கூடுதலாகச் சுருங்கி, மேலே உள்ள கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் இரும்பு வேகமாக விரிந்து கண்ணாடியை இழுக்கும். கொதிக்கிற சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் கண்ணாடியின் மேல்புறம் மட்டும் சட்டென்று சுருங்கும். இரண்டிலும் முடிவு மயிரிழை விரிசல், இல்லையென்றால் சில்லு. சட்டியோடு வரும் தாளில் போட்டிருக்கும் 'செய்யாதே' எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

தேற்றலாமா, எடைக்குப் போடலாமா?

முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, முற்றத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். செல்போன் டார்ச்சை உள்ளே சாய்வாக அடித்தால் நேர்ப்பார்வைக்குத் தெரியாதது தெரியும். பெரிய சட்டியில் பக்கச் சுவர்கள் பளபளப்பாகவே இருந்தன. கரிக்கு வெளியே அடியில் கொஞ்சம் மங்கல், நிறைய சாம்பல் நிறக் கோடுகள். கோட்டின் மேல் நகத்தைக் குறுக்கே ஓட்டினேன். நகம் மாட்டினால் கீறல். மாட்டாமல் வழுக்கினால், ஸ்டீல் கரண்டி தேய்ந்து தன் உலோகத்தை எனாமல் மேல் விட்டுப்போன தடம். இதில் எல்லாம் தடம்தான். ஆப்பசோடாவைக் குழைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகும்.

அடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது. மண்பானை வாங்கும்போது தட்டிக் கேட்கிற அதே காது போதும். 'ணங்' என்று நின்று ஒலித்தால் வார்ப்பில் விரிசல் இல்லை. பிறகு இரண்டு சட்டியிலும் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் பெரிய சட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. சின்னச் சட்டியின் அடியில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்திருந்தன. உள்ளே எங்கோ கண்ணாடி விட்டுப்போய், இரும்பு தண்ணீரைத் தொடுகிறது. துடைத்துவிட்டு மறுபடி டார்ச் அடித்தபோது, அந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தன. சின்னதை ஒதுக்கி வைத்தேன்.

உள்ளே இருந்த கரி

"கொஞ்சம் மணலும் சாம்பலும் போட்டு கதம்பையால தேச்சா போயிரும்லா" என்றார் அம்மா. தேங்காய் மட்டைக் கதம்பை சரி, மணல்தான் கூடாது. எங்களுக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சி. அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கிறது, அதைப் பிரித்தெடுக்கவே அங்கே மத்திய அரசின் மணல் ஆலை இருக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல். பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரண மணலே 7, கண்ணாடி அதற்குக் கீழே. அந்த மணலைப் போட்டுத் தேய்த்தால் கரி போகும், கூடவே பளபளப்பும் போகும். பளபளப்பு போன இடத்தில் அடுத்த குழம்பு இன்னும் கெட்டியாக அடிப்பிடிக்கும். ஒரு விசித்திரம், வெள்ளை எனாமலுக்கு வெண்மை கொடுக்கச் சேர்ப்பவை டைட்டானியம் டையாக்சைடு, சிர்கான் போன்றவை. இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத் தாதுக்கள். சட்டியைக் கெடுக்கிற மணலுக்குள்ளேயே சட்டியின் வெள்ளையும் கிடக்கிறது.

நான் செய்தது ஆப்பசோடாக் கொதி. கரி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா போட்டு, சின்ன பர்னரில் மெல்லிய தீயில் ஏற்றினேன். கொதி வந்ததும் சிம்மில் கால் மணி நேரம். அப்புறம் அணைத்துவிட்டு, கை பொறுக்கும் சூடு வரும்வரை தொடவே இல்லை. சிரட்டை அகப்பையின் விளிம்பால் சுரண்டியபோது மேலடுக்கு பொருக்குப் பொருக்காக எழும்பி வந்தது. எழும்பாத இடத்தை விட்டுவிட்டேன். தண்ணீரை மாற்றி, மறுபடி சோடா, மறுபடி கொதி. கரியைப் பலத்தால் எடுக்கப் போனால் நகராமல் நிற்கும், ஊறவிட்டால் தானாக விடும். நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு மட்டும் அடம்பிடித்தது. அதன் மேல் ஆப்பசோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, ஈரத்துணி போட்டு மூடி ராத்திரி வைத்தேன். காலையில் கதம்பையைப் பிய்த்து உருட்டிய தும்புச் சுருளால் வட்டமாகத் தேய்த்ததும் கரைந்தது. தேங்காய்த் தும்பு எனாமலைக் கீறாது. கடையில் வாங்கும் பச்சை ஸ்கிரப்பரை விட எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை. கம்பிச் சுருள் பக்கமே போகக் கூடாது.

ஒரு முன்னெச்சரிக்கை. மீன் குழம்பு பிடித்த சட்டியில் சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் தண்ணீர் ரத்தச் சிவப்பாக மாறும். எனாமல் கரைகிறது என்று பயந்து கீழே கொட்ட வேண்டாம். மஞ்சளில் காரம் சேர்ந்தால் சிவக்கும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவதும் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் அதனால்தான்.

கரி போன பிறகும் சந்தன நிறத்தின் மேல் மஞ்சள் கறை படர்ந்திருந்தது. அதற்கு மருந்து வெயில். ஈரத்தோடு மொட்டைமாடியில், உட்பக்கம் வானத்தைப் பார்க்க வைத்தேன். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துபோகும். நல்ல வெயில் என்றால் சாயங்காலத்துக்குள் பாதி காணாமல் போகும். கடைசியில் மிச்சமிருந்த பழுப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் விட்டு, மேலே சோடா தூவி அரை மணி நேரம் வைத்துக் கழுவினேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரை நான் தொடவில்லை, விளிம்பில் திறந்து கிடக்கும் இரும்பை அது அரித்துவிடும். முழுவதும் வெள்ளையாகிவிட்டதா என்றால் இல்லை. அடியில் லேசான தேநீர் நிறம் இருக்கிறது. அது சமையலைக் கெடுக்காது, அதற்காக இன்னும் தேய்ப்பது வீண் வேலை.

வெளிப்பக்க எண்ணெய்க் கோடுகளுக்கும் அதே சோடாக் குழம்பு, ஈரத்துணி, தும்பு. சலிப்பான வேலை, சொல்ல வேறொன்றும் இல்லை.

விளிம்பும் எண்ணெயும்

சட்டியும் மூடியும் ஒன்றையொன்று தொடுகிற விளிம்பில் பெரும்பாலான கம்பெனிகள் முழு எனாமல் பூசுவதில்லை. மெல்லிய கறுப்புப் பூச்சோ வெறும் இரும்போதான் இருக்கும். மூடி வைக்கும்போது கண்ணாடியும் கண்ணாடியும் மோதாமல் இருக்க அது நல்லது, துருவுக்கும் அதுவே வாசல்.

பித்தளை விளக்குத் துலக்க வைத்திருந்த புளிக் கோதை எடுத்து விளிம்பு முழுக்க ஒட்டவைத்து அரை மணி நேரம் விட்டேன். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைத்துத் தளர்த்தும். அதற்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, துடைத்து, சிம்மில் ஓரிரு நிமிடம் காட்டி ஈரத்தைப் போக்கினேன். உடனே எண்ணெய் தடவ வேண்டும். சுத்தமான இரும்பு எங்கள் ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி தாங்காது.

எந்த எண்ணெய்? எங்கள் வீட்டில் எண்ணெய் என்றாலே தேங்காய் எண்ணெய்தான். துரு தடுக்கும் மேல்பூச்சுக்கு அது போதும், ஆனால் காய்ந்து கெட்டிப்படாது. தேங்காய் எண்ணெயில் இருப்பவை பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்புகள். சூட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு படலமாக மாற நிறைவுறாத கொழுப்பு வேண்டும். தோசைக்கல்லைத் தேங்காய் எண்ணெயிலேயே பழக்கிவிட்டுப் பிசுக்குப் பிடிக்கிறதே என்று நொந்துகொள்பவர்கள் இதைக் கவனிக்கலாம். விளிம்பில் ஒரு படலம் உட்காரட்டும் என்று சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசி, வேறு துணியால் எண்ணெயே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தேன். மூடி மட்டும் வீட்டு ஓடிஜிக்குள் (சின்ன மின்சார ஓவன்) நுழைந்தது. குமிழைக் கழற்றிவிட்டு அதை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். சட்டி உள்ளே போகாது. அதன் விளிம்புக்கு எண்ணெய்த் துணி மட்டும்தான், ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும். அதற்குத் தேங்காய் எண்ணெயே போதும்.

குமிழ்

பழைய பேக்லைட் குமிழை ஒட்டவைக்கலாமா என்று பார்த்தேன், தேறாது. சூட்டோடு மூடியைத் தூக்கும்போது கழன்று விழுந்தால் கால் போகும், அடியில் இருக்கும் கண்ணாடியும் போகும். இந்த வகைப் பிளாஸ்டிக் குமிழ்களில் பழையவற்றுக்கு 190 டிகிரி அளவில் எல்லை உண்டு. ஓவனில் 230 வைத்து ரொட்டி சுடுகிறவர்கள் வாங்கும்போதே உலோகக் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மூடியைப் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவில் கோட்டாறில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அளவு சொல்லி வாங்குவதை விட மூடியையே நீட்டுவது சுலபம். அலமாரிக்குப் போடும் பித்தளைக் குமிழ் ஒன்று, மரை பொருந்துகிற ஸ்டெயின்லெஸ் திருகு ஒன்று. குமிழ் நிஜப் பித்தளையா, மேலே மட்டும் முலாமா என்று அடியில் பார்த்து எடுங்கள். முலாம் சூட்டில் உரிந்துவிடும். சாதா இரும்புத் திருகு வேண்டாம், ஆவி நேராக அதில்தான் படும்.

மாட்டும்போதுதான் கவனம் தேவை. மூடியில் உள்ள ஓட்டையைச் சுற்றியும் எனாமல்தான். வெறும் வாஷரைப் போட்டு ஸ்பேனரால் முறுக்கினால் அது அங்கிருந்தே சில்லு விடும். மேலும் கீழும் சிலிகோன் வாஷர் கொடுத்து, கையால் திருகி, ஆட்டம் நின்றதும் கால் சுற்று மட்டும் இறுக்கினேன். பித்தளை சூடேறும், அதனால் துணி இல்லாமல் இனி மூடியைத் தொட முடியாது. கைப்பிடிகளும் எப்படியும் அப்படித்தானே.

அதே கடையில் கைப்பிடிச் சில்லைக் காட்டியபோது, "அண்ணாச்சி, இதுக்கு எம்சீல் வச்சு அடைச்சிரலாம்" என்று பக்கத்தில் நின்ற பிளம்பர் ஒருவர் கடைக்காரருக்கே யோசனை சொன்னார். குழாய்க் கசிவுக்கு அது நல்ல சாமான், அடுப்பில் ஏறும் பாத்திரத்துக்கு இல்லை. மறுபடி எனாமல் பூசித் தருவார்களா என்றும் கேட்கிறார்கள். அதற்குப் பழைய பூச்சு முழுவதையும் மணல் வீசி எடுத்து, புதிதாகப் பூசி, சூளையில் ஏற்ற வேண்டும். ஒரு சட்டிக்காக அதைச் செய்வதை விடப் புதுச் சட்டி மலிவு. வெளிப்புறச் சில்லுக்கு நான் செய்தது இவ்வளவுதான்: துருவைச் சுரண்டினேன், ஓரத்தில் தளர்ந்து நின்ற எனாமல் துணுக்கை விரலால் அழுத்திப் பார்த்து விழ வேண்டியதை விழவைத்தேன், எண்ணெய் தடவினேன். வெளியே, கைப்பிடிக்கு அடியில் என்பதால் இது போதும்.

அடுப்பில்

முதல் சமையல் அயிலைக் குழம்பு. புளியும் காரமும் சேர்ந்த குழம்பைத்தான் வெறும் இரும்புச் சட்டியில் வைக்க முடியாது. கறுத்துப்போகும், நாக்கில் இரும்பு தட்டும். எனாமலுக்குப் புளி ஒரு பொருட்டில்லை. மிச்சக் குழம்பை ராத்திரி அதே சட்டியில் விட்டு மறுநாள் காலை பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளலாம். மண்சட்டிக்கு உரிய இடத்தில் இதை வைத்தது இந்தத் தைரியத்தில்தான்.

தேங்காய் எண்ணெயை முதலிலேயே விட்டு, சட்டியைச் சின்ன பர்னரில் சிம்மில் வைத்தேன். மூன்று நான்கு நிமிடம் பொறுமை. வார்ப்பிரும்பு சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தில் கால் பங்குதான். பெரிய தீ வைத்தால் தீ படுகிற வளையம் மட்டும் காயும், அங்கேதான் அடிப்பிடிக்கும். மயினியின் கரி எல்லாம் வட்டமாக நடுவில் இருந்ததன் ரகசியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சின்ன உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கியதும் மசாலாவோடு அரைத்த தேங்காய், புளிக்கரைசல், முருங்கைக்காய். அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரைக் கொதிக்கிற சட்டியில் மொத்தமாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஓரமாக விட்டேன். ஒரு கொதி வந்த பின் தீயை இறக்கி மீனைப் போட்டால், கடைசி வரை சிம்முக்கு மேல் தேவைப்படவில்லை.

மண்சட்டியில் பழகியவர்களுக்கு இன்னொன்று கை கொடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் இது நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். மீன் முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அணைத்து மூடிவிட வேண்டும். நெத்திலி, சாளை மாதிரி மென்மையான மீன் என்றால் இன்னும் சீக்கிரம்.

நிறைந்த சட்டி ஒன்பது பத்து கிலோ வரும். கண்ணாடி மேல்தட்டு உள்ள கேஸ் அடுப்பில் தொப்பென்று வைக்காதீர்கள். இன்டக்‌ஷனில் தாராளமாக வேலை செய்யும், ஆனால் பல அடுப்புகள் ஆன் செய்ததும் முழு வேகத்தில் ஆரம்பிக்கும். உடனே குறைத்துவிட்டு, பிறகு மெல்ல ஏற்றுங்கள். இழுத்து நகர்த்தாமல் தூக்கி நகர்த்துங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சட்டியை நேராக அடுப்பில் ஏற்றவும் கூடாது, வெளியே கொஞ்ச நேரம் வைத்துக் குளிர் போனபின் ஏற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. உள்ளித் தீயலுக்குத் தேங்காயைச் செந்நிறமாக வறுக்க வேண்டும், எண்ணெயில்லாமல் நீண்ட நேரம் காய்கிற வேலை. அதற்குப் பழைய சீனச்சட்டி. வறுத்து அரைத்த பிறகு தீயலைக் கூட்டி வைக்க எனாமல் சட்டி நல்லது. தோசை, மீன் பொரிப்பு இதில் வேண்டாம். மரச்சீனி அவிக்க இவ்வளவு கனமான பாத்திரம் வீண், கேஸ்தான் போகும். நாட்டுக்கோழி, மாட்டுக்கறி, கடலைக்கறி, பருப்பு என்று மூடி போட்டு மெதுவாக வேகிறவைதான் இதற்கு ஏற்றவை. மூடியின் கனத்தால் ஆவி அதிகம் வெளியேறாது, தண்ணீரும் கொஞ்சம் குறைவாகவே போதும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

சட்டியைப் பார்த்துவிட்டு விசாரித்தவர்கள் நிறைய. நாகர்கோவில் மீனாட்சிபுரம் பாத்திரக் கடைகளில் காஸ்ட் அயர்ன் என்று கேட்டால் தோசைக்கல்லும் சீனச்சட்டியும் எடுத்துக்காட்டுவார்கள். எனாமல் பூசியது பெரும்பாலும் ஆன்லைனில், அல்லது வளைகுடாவிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். 1925இல் பிரான்சில் தொடங்கிய லெ க்ரூஸே ஆரம்பத்திலேயே போட்டது ஆரஞ்சு நிறம். அதனால்தான் ஊருலகத்தில் பாதிச் சட்டி ஆரஞ்சாக இருக்கிறது. 1974இல் வந்த ஸ்டாவ்பும் பிரெஞ்சுதான், உள்ளே சொரசொரப்பான கறுப்பு எனாமல். இவை இரண்டும் பல்லாயிரம் ரூபாய். பெயருக்குக் காசு கொடுத்து வாங்கும் வசதி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்கினால் குறைந்த விலைச் சட்டியும் உழைக்கும்.

காந்தம் கொண்டுபோங்கள். வார்ப்பு அலுமினியத்தில் பீங்கான் மாதிரிப் பூச்சு போட்டு, அச்சு அசலாக இதே உருவத்தில் விற்கிறார்கள். காந்தம் ஒட்டாது, எடையும் பாதிதான் இருக்கும். மெல்லிய இரும்புத் தகட்டில் எனாமல் பூசியதில் காந்தம் ஒட்டும், ஆனால் கனமே இருக்காது. பழைய எனாமல் கோப்பைகளைக் கையில் எடுத்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். பூச்சே இல்லாமல் எண்ணெய் மட்டும் ஏற்றிய சட்டியும் 'சீசன் செய்தது' என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும். புளிக்கு அது ஆகாது.

மூடியை வைத்து அழுத்தினால் ஆடக் கூடாது. அடியில் ஒரு ஸ்கேலை வைத்தால் வெளிச்சம் பெரிதாகக் கசியக் கூடாது. கைப்பிடிக்குள் துணியோடு நான்கு விரல் நுழைய வேண்டும். பலர் இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, கொதிக்கிற சட்டியை இரண்டு விரலில் தூக்குகிறார்கள். உள்ளே வெளிர் நிறமா கறுப்பா? வெளிர் நிறத்தில் மசாலா எவ்வளவு சிவந்தது என்று கண்ணுக்குத் தெரியும், மஞ்சள் கறையும் தெரியும். சமையல் பழகுகிறவர்களுக்கு வெளிர் நிறம், கறையைக் கண்டால் தூக்கம் வராதவர்களுக்குக் கறுப்பு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமல்களுக்குக் காட்மியம் சார்ந்த நிறமிகளைச் சேர்ப்பது உண்டு. வெளிப்பக்கம் உணவைத் தொடாது என்பதால் எனக்குக் கவலையில்லை. ஆனால் உணவு படுகிற உட்பக்கமும் பளிச்சென்று சிவந்திருக்கிற, ஊர் பேர் தெரியாத சட்டியை நான் வாங்க மாட்டேன்.

அளவைப் பொறுத்தவரை, நாலு பேர் வீட்டுக்கு 24 செ.மீ., சுமார் நாலு லிட்டர், தாராளம். 26 என்பது விருந்தாளி வருகிற வீட்டுக்கு. கடையில் தூக்கிப் பார்க்கும்போது வெறும் சட்டியை மட்டும் தூக்குகிறோம், குழம்போடு சிங்க் வரை போகிற தூரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, விளிம்பையும் கைப்பிடி மூலைகளையும் முதலில் பாருங்கள். வழியில் அடிபட்டால் அங்கேதான் படும்.

மழைக்காலத்தில் மூடியை இறுக மூடி வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் நின்று பூஞ்சை வாடை வரும், விளிம்பு துருப்பிடிக்கும். மடித்த துணியை விளிம்பில் இரண்டு பக்கம் கொடுத்து அதன் மேல் மூடியை வைக்கிறேன். பரணில் ஏற்றாமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைப்பதும் ஒரு பராமரிப்புதான், தினமும் கை படும்.

சின்னச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கவில்லை. உள்ளே பெயர ஆரம்பித்த எனாமல் எப்போது வேண்டுமானாலும் இன்னொரு துணுக்கை விடும், சோற்றில் கண்ணாடித் துணுக்கு வந்தால் யாரிடம் சொல்வது. எடைக்குப் போடவும் மனம் வரவில்லை. தும்பால் தேய்த்துத் துடைத்து, உள்ளே தாள் விரித்து, சின்ன உள்ளியும் பூண்டும் போட்டு வைத்திருக்கிறேன். மயினி வந்து பார்த்துவிட்டு, பெரியதைத் திருப்பிக் கேட்கலாமா என்ற யோசனையில் இருக்கிறார். இடுப்பு வலி இப்போது பரவாயில்லையாம்.